புள்ளி வைத்துச் சொல்லுங்கோ

கரும்பலகையில் மூன்று எழுத்து எழுதினேன்: சி, ஏ, ரி. தரம் 6 படிக்கிற பெடியன் எழும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உரத்துச் சொன்னான்: "சி, ஏ, ரி, பூனை!"

நடுவெழுத்தை அழித்து 'யூ' போட்டேன். "சி, யூ, ரி, பூனை!" முதலெழுத்தையும் அழித்து 'எச்' போட்டேன். கொஞ்சம் யோசித்தான். பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "பூனைதானே ரீச்சர்?"

எழுத்துகளின் பெயர் அவனுக்குத் தெரியும். பொருளும் தெரியும். நடுவில் வாயால் சொல்ல வேண்டிய ஆங்கிலச் சொல் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. இங்கே பாடப்புத்தகத்தோடு ஆங்கிலம் தொடங்குவது தரம் 3இல். அன்றிலிருந்து அவன் செய்துவந்தது பாடமாக்கல்தான். "சி ஏ ரி கற், கற் என்றால் பூனை" என்று வகுப்பே சேர்ந்து இராகம் போடும். இராகத்தில் 'கற்' கரைந்துவிடும், பூனை மிஞ்சும்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்தை நாங்கள் 'ரி' என்று எழுதுவோம். ரீச்சர், ரின், லைற் எல்லாம் அப்படித்தான். 'டி' என்றால் நான்காவது எழுத்து. இந்த எழுத்துமுறையே ஒரு பெரிய கதை, பிறகு வருகிறேன்.

நான் படிப்பிப்பது தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில். பகலில் பள்ளிக்கூடம். பின்னேரம் வாரத்தில் 4 நாள், சனசமூக நிலையத்து விறாந்தையில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் 40 நிமிடம். பதினான்கு பேரோடு தொடங்கினேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள். தாய்மாரில் பலர் 2008, 2009 இடப்பெயர்வோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். "எங்களுக்கே தெரியாது ரீச்சர், நீங்கள்தான் பார்க்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு குற்ற உணர்வும் இருக்கும், கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கும்.

முதல் மூன்று மாதம் நான் செய்தது முழுக்கப் பிழை.

ஒரு பயிற்சியில் கேட்டதை வைத்து, எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிக்கொடுக்க வெளிக்கிட்டேன். யோசனை சரியானது. தமிழில் 'ம' என்ற எழுத்தின் பெயரும் ம, ஒலியும் ம. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. 'எச்' என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி ஒரு துளிகூட இல்லை. 'டபிள்யூ' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'வ' வராது. ஆகவே ஒலி. சரி. நான் பிள்ளைகளிடம் சொன்ன ஒலிகள் எவை? 'க', 'அ', 'ட'. கைத்தொலைபேசியில் பார்த்த பாட்டுகளும் அப்படித்தான் சொல்லின. ஒவ்வொரு மெய்க்கும் பின்னால் ஒரு சின்ன 'அ' வால்.

பிள்ளைகள் சேர்த்துச் சொன்னார்கள்: "க, அ, ட... கஅட... காடா?" ஒருத்தி 'காடு' என்று முடித்தாள். பக்கத்தில் காடு இருக்கிற ஊர், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் தரம் 1 பிள்ளைகளின் தமிழ் வகுப்பைக் கடந்துபோனேன். உள்ளே ஆசிரியை எழுதிக்கொண்டிருந்தார்: க் + அ = க, க் + ஆ = கா. பிள்ளைகள் 'இக்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு எது வேண்டுமோ அதை நம் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே செய்துவிடுகிறார்கள். தனி மெய் என்றால் என்ன, அதோடு உயிர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு நம்மிடம் ஒரு புள்ளியே இருக்கிறது. நான்தான் புள்ளியை எடுத்துவிட்டுப் படிப்பித்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் கரும்பலகையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் வெண்கட்டியால் புள்ளி வைத்தேன். "புள்ளி வைத்துச் சொல்லுங்கோ." 'க' இல்லை, 'க்'. முன்னால் 'இ' போடாமல், பின்னால் 'அ' போடாமல். 'ம்', 'ஸ்', 'ந்', 'ல்' போன்றவை இழுக்கக்கூடிய ஒலிகள், அவற்றில் தொடங்கினால் இலகு. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டே உயிரைப் பிடித்துவிடலாம். 'க்', 'ப்' இரண்டையும் இழுக்க முடியாது, வெடித்து முடிந்துவிடும். அவற்றைப் பிறகு வைத்துக்கொண்டேன்.

எழுத்து வரிசையையும் மாற்றினேன். ஏ, பி, சி, டி என்று நெடுங்கணக்கில் போனால் முதல் வாரம் சொல் அதிகம் அமையாது. எஸ், ஏ, ரி, பி, ஐ, என் என்ற ஆறையும் முதலில் எடுத்தால் (உலகத்தில் பல இடங்களில் இந்த வரிசைதான்) அந்த ஆறுக்குள்ளேயே ஏராளம் சொல் கட்டலாம். 'ரின்' என்று வாசித்தபோது ஒரு பிள்ளை துள்ளியது: "ரின்மீன் ரின்னா ரீச்சர்?" ஓம், அதுதான். காதுக்குப் பழகிய சொல்லைத் தானே வாசித்துக் கண்டுபிடிப்பதற்கு ஈடான பரிசு எதையும் நான் கொடுத்ததில்லை. அதனால் பஸ், பெல், கப், லைற் போல ஊரில் புழங்கும் சொற்களையே தேடித் தேடி எடுத்தேன்.

அடுத்த தொல்லை சொல்லின் வால். வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை. கப் என்றால் 'கப்பு', பெட் என்றால் 'பெட்டு'. குற்றியலுகரம் தானாக வந்து ஒட்டும். நான் முதலில் அதட்டினேன், பிறகு அதட்டலை விட்டுவிட்டேன். பிள்ளை பிழைவிடவில்லை, தமிழ் இலக்கணப்படி பேசுகிறது. "கடைசியில் வாயைப் பூட்டு" என்று சொல்லி, உள்ளங்கையை வாய்க்கு முன் பிடிக்கச் செய்தேன். 'கப்பு' என்றால் கையில் காற்று இரண்டு தரம் படும், 'கப்' என்றால் ஒரு தரம். சொல்லின் தலையிலும் இதே கதை. தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்காது, அதனால் 'இஸ்கூல்', 'இஸ்ரொப்'. அங்கேயும் பாம்புதான் உதவி: "பாம்பு முதலில் சீறட்டும், பிறகு கூல்."

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பழக்கத்தை நிறுத்தத்தான் அதிகம் போராடினேன். ஒவ்வொரு பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்திலும் வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். அக்கா எழுதிக் கொடுத்தது, ரியூசனில் எழுதியது. பிள்ளை ஆங்கிலம் வாசிப்பதாகத் தாய் நினைத்துக்கொண்டிருப்பாள், கண் பென்சில் வரியில் ஓடும். இதில் சோம்பலைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பூனைக்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'கற்'. வெட்டுவதற்கானதை எழுதினாலும் 'கற்'. தொப்பியும் 'கப்', தேநீர் குடிப்பதும் 'கப்'. ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கும் இரண்டைத் தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடும். இதை எழுதும்போது எனக்கே அந்தச் சிக்கல், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அழிறப்பர் 14 வாங்கிக் கொடுத்து, ஒரு பின்னேரம் முழுக்க எல்லாரும் அழித்தோம்.

தமிழ் எழுத்தைத் துணைக்குக் கூப்பிட்டால் கெடுக்கும், தமிழ்க் காதைக் கூப்பிட்டால் உதவும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தமிழில் 'ப' ஒன்றுதான், ஆனால் நம் வாயில் இரண்டு ஒலி இருக்கிறது. 'பல்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'தம்பி' என்று சொல்லுங்கள். 'தம்பி'யில் வருகிற அந்த அதிர்கிற ப தான் ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். பிள்ளைகள் இரண்டு எழுத்துக்கும் பெயர் வைத்தார்கள்: 'வயிற்றுப் பி', 'வால் பி'. வால் பி கோட்டுக்குக் கீழே தொங்குவது. 'கல்', 'தங்கம்' இரண்டையும் வைத்து அதேபோல மற்றச் சோடி. இருபதாவது எழுத்துக்கு எங்கள் பேச்சுத் தமிழிலேயே ஒலி இருக்கிறது: 'காற்று', 'நேற்று' என்று இங்கே சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் முரசில் தட்டும். நாக்கை மடக்கிச் சொல்லும் 'பாட்டு' வேறு. ரகர எழுத்தும் றகர எழுத்தும் 'ரீச்சர்', 'லைற்' என்று ஆங்கிலத்துக்கு வந்து உட்கார்ந்தது சும்மா இல்லை.

சில ஒலிகள் நம்மிடம் இல்லவே இல்லை. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் பெயரை வாசிக்கச் சொன்னால் 'பான்' என்றார்கள். கடையில் வாங்குகிற பாணா, அடுப்பில் வைக்கிற சட்டியா, விசிறியா என்று சிரிப்பாகிவிட்டது. கீழுதட்டை மேற்பல்லால் மெல்லக் கடித்து ஊதச் சொன்னேன், ஆய்த எழுத்தைப் பக்கத்தில் போட்டேன், ஒரு வாரத்தில் வந்தது. பூனைச் சொல்லின் நடுவில் இருக்கும் உயிர் இன்னும் சங்கடம். சிங்களத்தில் அதற்கென்று தனி எழுத்தே உண்டு, தமிழில் இல்லை. கடைசியில் ஆடு கைகொடுத்தது. ஆட்டுக்குட்டி கத்துவதைப் போலக் கத்துங்கோ என்றேன். 14 பேரும் கத்தினார்கள். வீதியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

பிள்ளைகளைப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகை வாசிக்கவைத்ததும் நான்தான். மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் இருக்கிறதே, நல்ல பயிற்சி என்று நினைத்தேன். நினைத்ததில் பாதி சரி. 'பரந்தன்' என்பதில் தகரத்துக்கு ஆங்கிலத்தில் 'ரி', 'எச்' இரண்டும் சேர்ந்து நிற்கும். 'ஒட்டுசுட்டான்' என்பதில் டகரத்துக்கு 'டி' இரண்டு நிற்கும். இது இலங்கைத் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம், ஆங்கிலத்தின் வழக்கம் அல்ல. மறுநாள் வகுப்பில் மெல்லிய என்று பொருள்படும் சொல்லைக் கொடுத்தால் எல்லோரும் 'தின்' என்று வாசித்தார்கள். தமிழ்த் தகரம் பல்லில் முட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அந்த எழுத்துச்சோடி வந்தால் நாக்கு பல்லுக்கு நடுவில் வந்து காற்று வழுகிப் போகும். அதே சோடிக்கு இன்னொரு ஒலியும் உண்டு, அது நம்மிடம் கிட்டத்தட்ட இருக்கிறது: 'அது', 'கதை' என்னும்போது நடுவில் தளர்ந்து வருகிற த. ஊர்ப்பெயர்ப் பலகையை நான் இப்போதும் காட்டுகிறேன், ஆனால் கடைசித் தவணையில்தான்.

இரண்டு எழுத்து ஓர் ஒலி என்பதை விளங்கப்படுத்தப் புளியங்கொட்டை போதும். மண்ணில் பெட்டி பெட்டியாகக் கீறி, ஒலிக்கு ஒரு கொட்டை வைக்கச் சொல்வேன். கப்பலுக்கான ஆங்கிலச் சொல்லில் எழுத்து 4, ஒலி 3, ஆகவே கொட்டை 3. ஆங்கில எழுத்து 26, ஒலிகளோ பேசும் வகையைப் பொறுத்து 44 அளவில் வரும். எழுத்து போதாததால் சோடி சேர்கிறது. தமிழில் 247 எழுத்தைப் படித்துவந்த பிள்ளைக்கு இது பெரிய பாரம் இல்லை, யாராவது சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

சொல்லின் கடைசியில் பேசாமல் நிற்கும் 'ஈ' பற்றி ஒருத்தி கேட்டாள்: "ஏன் ரீச்சர், சத்தம் வராத எழுத்தை எழுதி வைச்சிருக்கினம்?" நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அந்த எழுத்துக்குச் சத்தம் இருந்தது. 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் வந்து எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. அதே நூற்றாண்டுகளில் நெடில்களின் உச்சரிப்பு மாறிக்கொண்டே போனது. வாய் நடந்துபோய்விட்டது, எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. அதனால் கடைசி 'ஈ' வந்தால் 'கிற்' 'கைற்' ஆகும், 'கப்' 'கேப்' ஆகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறில், நெடில் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதே ஒலியை இழுத்துக் 'காப்' என்பார்கள். ஆங்கிலத்தில் நெடில் என்பது வேறு ஒலி. அந்தச் சொல்லையே நான் இந்த இடத்தில் பாவிப்பதில்லை.

ஆனால் வேறோர் இடத்தில் அதே குறிலும் நெடிலும் காப்பாற்றின. தம்பியைக் கூட்டிப்போக வருகிற ஒரு பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள், தூணில் சாய்ந்துகொண்டு நிற்பாள். அன்று நான் 'ஹொப்' என்ற சொல்லோடு 'இங்' சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக்காலில் கெந்துவது. 'ஹொப்பிங்' என்று எழுதும்போது வால் பி இரண்டு வரும். 'ஹோப்' என்றால் நம்பிக்கை, அதோடு 'இங்' சேர்ந்தால் பி ஒன்றுதான், கடைசி 'ஈ'யும் போய்விடும். ஏன் என்று நான் சொல்லத் தொடங்கமுதல் தூணடியிலிருந்து குரல் வந்தது: "ரீச்சர், இது தனிக்குறில் முன் ஒற்றுத்தானே?"

கல் + எடுத்தான் = கல்லெடுத்தான். கால் + எடுத்தான் = காலெடுத்தான். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். நெடிலை அடுத்தது இரட்டாது. அப்படியே! 'ரன்' இரட்டும், 'ஈற்' இரட்டாது. கடைசி 'ஈ' ஓடுவதற்கும் அவளே உதாரணம் சொன்னாள்: "காசு, இல்லை, காசில்லை. உகரம் ஓடிட்டுது." விறாந்தை முழுக்கச் சிரித்தது, எல்லாருக்கும் தெரிந்த உதாரணம்.

பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை. தமிழ்ப் பாடமும் ஆங்கிலப் பாடமும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்தன. அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு வெண்கட்டியைக் கொடுத்துவிட்டு நான் போய்ப் பிள்ளைகளோடு இருந்துகொண்டேன். அடுத்த வாரங்களில் இரண்டுபேருமாக எல்லையைத் தேடினோம். தமிழில் ஒலி உண்மையாகவே இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து மட்டும்தான் இரட்டிக்கிறது, முன்னால் இருக்கும் உயிரைக் குறுக்கியே வைத்திருக்க அது காவல். இரண்டு அசைச் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். 'விசிற்' என்பதில் அழுத்தம் முன்னால், இரட்டாது. 'பிகின்' என்பதில் அழுத்தம் பின்னால், என் இரட்டும். டபிள்யூ, எக்ஸ், வை மூன்றும் இரட்டவே இரட்டாது. ஓரசைச் சொல்லை மட்டும் முதலில் கொடுத்தால் தமிழ் விதி அப்படியே பிடிக்கும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

அதன்பிறகு சொல்லை உடைப்பதற்குப் பகுபத உறுப்பிலக்கணத்தையே எடுத்துக்கொண்டேன். பகுதி எது, விகுதி எது என்று பிரிப்பது மூத்த பிள்ளைகளுக்குக் கைவந்த வேலை. தமிழில் எல்லாம் பின்னால்தான் ஒட்டும், ஆங்கிலத்தில் முன்னாலும் ஒட்டும். அதைச் சொல்லத் தொலைபேசிக் கடையைவிட நல்ல இடம் இல்லை. 'லொக்', 'அன்லொக்'. 'லோட்', 'ரீலோட்'. ரீலோட் போடத் தெரியாத பிள்ளை இந்தப் பக்கம் இல்லை, ஆனால் 'ரீ' என்றால் மறுபடியும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு சொல் ஒட்டுவதற்கு 'லான்ட்மாஸ்ரர்', வயல் உழுகிற இரண்டு சில்லு இயந்திரம். பிரித்துப் பொருள் சொல்லச் சொன்னால் "நில வாத்தியார்" என்றான் ஒருவன். வயலில் வேலைசெய்கிற வாத்தியார், சரிதான்.

இறந்தகாலத்து 'ஈ, டி' இன்னும் சரியாக வரவில்லை. அது சில இடத்தில் 'ற்', சில இடத்தில் 'ட்', ரி அல்லது டி எழுத்துக்குப் பின்னால் வந்தால் மட்டும் 'இட்'. பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'எட்' என்கிறார்கள். நான் விட்டுப்பிடிக்கிறேன். விதிக்கு அடங்காத சொற்களும் ஒரு கட்டு இருக்கின்றன, அடிக்கடி வருபவை என்பதால் தப்பவும் முடியாது. அவற்றை அட்டையில் எழுதிப் பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான் வழி. ஆங்கிலத்துக்கு விதியே இல்லை என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாமே விதிப்படி என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவும் மனமில்லை.

வாசிக்கிறதா, பாடமாக்கியதா என்று பார்க்க ஒரே சோதனை, இல்லாத சொல்லை எழுதிக் கொடுப்பது. 'மெப்', 'ரிஸ்', 'நஸ்ற்' என்று வாய்க்கு வந்ததைக் கட்டி எழுதுவேன். பாடமாக்கிய பிள்ளை திகைக்கும், ஒலி சேர்க்கத் தெரிந்த பிள்ளை வாசித்துவிட்டு "அப்பிடியெண்டா என்ன?" என்று கேட்கும்.

போன தவணைக் கடைசியில் கப்பல் படம் ஒன்று கீறிப் பக்கத்தில் சொல்லை எழுதினேன். அவசரம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. பூனைப் பெடியனை எழுப்பினேன். படத்தைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான்.

"சிப்" என்றான்.

"படத்தைப் பார் தம்பி. கடலில போறது."

"கப்பல்தான் ரீச்சர். ஆனா நீங்கள் எழுதியிருக்கிறது சிப்."

திரும்பிப் பார்த்தேன். 'எஸ்'க்குப் பக்கத்தில் 'எச்' இல்லை. அவனே வந்து வெண்கட்டியை வாங்கி இடையில் நெருக்கி எழுதிவிட்டுப் போய் இருந்தான். முதல் துளி விழுந்தது, கொப்பிகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினோம்.